இரண்டு வாட்டம்

எதிர்வரிசையில் புதுவீடு கட்டிக் குடிவந்திருக்கும் தம்பி, ஐப்பசிக் கடைசியில் ஒருநாள் காலை ஒரு பப்பாளிக் கன்றை வேரோடு தூக்கிக்கொண்டு வந்தார். பிடுங்கவே இல்லையாம், தொட்டதும் கையோடு வந்துவிட்டதாம். "நாலு நாள் முன்னாடிகூட நல்லாத்தான் இருந்துச்சுண்ணே. இலை தொங்குதேன்னு நேத்து ரெண்டு குடம் தண்ணி வேற ஊத்தினேன்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். வேர் பழுப்பேறி, தோல் கழன்று, ஊறிப்போன சணல் கயிறு மாதிரி இருந்தது. மோந்தால் அழுகிய முட்டை வாடை. "இதுக்குத் தாகம் இல்ல தம்பி, மூச்சு முட்டியிருக்கு. உட்காருங்க" என்று திண்ணையைக் காட்டிவிட்டு, உள்ளே இரண்டு டீக்குக் குரல் கொடுத்தேன். பேச்சு முடிய இரண்டாவது சுற்று டீயும் ஆனது. அன்றைக்கு அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். எங்கள் ஊர் திருவாரூர்ப் பக்கம். மண்வெட்டி போட்டால் வெண்ணெய்க் கட்டி போலப் பளபளவென்று வெட்டுப்படும் களிமண்.

வேரும் மூச்சு விடுகிறது. இலை சமைத்து அனுப்பும் சர்க்கரையை எரித்துத்தான் அது வேலை செய்கிறது. எரிக்க ஆக்சிஜன் வேண்டும். மண்ணின் இண்டு இடுக்குகளில் இருக்கும் காற்றுதான் அதைக் கொடுக்கிறது. இடுக்கெல்லாம் தண்ணீரால் அடைபட்டால் கதவு சாத்தியாயிற்று. ஏனென்றால் தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றுக்குள் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மூச்சடைத்த வேர் தண்ணீரை உறிஞ்சவும் மறுத்துவிடும். அதனால்தான் தண்ணீரில் நிற்கும் செடியின் இலையும், தண்ணீரே காணாத செடியின் இலையும் ஒரே மாதிரி தொங்குகின்றன. பார்ப்பவர் இரக்கப்பட்டு இன்னொரு குடம் ஊற்றுகிறார். பப்பாளி இதில் ரொம்பவே மெல்லிய உயிர். வேரடியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே போய்விடும். அந்த முட்டை வாடை, காற்றில்லாத மண்ணில் பெருகும் நுண்ணுயிர்கள் விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. மண்ணைத் தோண்டும்போது நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தாலும் அதே சேதிதான்: இங்கே ரொம்ப நாளாகக் காற்று புகவில்லை.

"அப்போ மண்ணுதான் மோசமாண்ணே?" என்றார் தம்பி.

மோசம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. களிமண் துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. அதுவும் உருண்டையாக இல்லை, அப்பளம் மாதிரி தட்டைத் தட்டையாக இருக்கும். ஈரமான இரண்டு கண்ணாடித் தட்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பிரித்துப் பாருங்கள். விடாமல் ஒட்டிக்கொள்ளும். கோடிக்கணக்கான அப்பளங்கள் இப்படி நடுவில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அடுக்கியிருப்பதுதான் களிமண். கேட்டால் நம்பமாட்டீர்கள், மொத்த இடைவெளியைக் கணக்குப் பார்த்தால் மணலைவிடக் களிமண்ணில்தான் அதிகம். ஆனால் ஒவ்வொரு இடைவெளியும் அவ்வளவு நுண்ணியது. அதனால் தண்ணீர் உள்ளே போகவும் நேரமாகிறது, போனது வெளியே வரவும் மறுக்கிறது. மணல்பாங்கான நிலம் ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். களிமண் குடிப்பது 1 முதல் 5 மில்லிமீட்டர் வரைதான். அதே குணத்தால்தான் அது சத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. மணல்காட்டுக்காரர் உரம் போட்டால் அடுத்த மழையில் பாதி கீழே போய்விடும். நமக்கு அந்தக் கவலை இல்லை.

உங்கள் மண் களிமண்தானா என்று பார்க்க ஆய்வுக்கூடம் எல்லாம் வேண்டாம். ஒரு கைப்பிடி மண்ணை ஈரமாக்கிப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடா போலத் தள்ளுங்கள். ஒரு அங்குலத்துக்குள் ஒடிந்தால் பரவாயில்லை. இரண்டு அங்குலம் தாண்டியும் ஒடியாமல் தொங்கினால் கனத்த களிமண். தம்பி கொண்டுவந்த வேரில் ஒட்டியிருந்த மண்ணில் அவரே செய்து பார்த்தார். நாடா சுண்டுவிரல் நீளத்துக்கு வந்துவிட்டது.

எங்கள் பக்கத்து மனைகளில் களிமண்ணோடு இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. இவையெல்லாம் வயலாக இருந்த இடங்கள். வயலில் சேற்றுழவு எதற்கு? தண்ணீர் கட்டி, மண்ணைக் கலக்கி, பரம்படித்து, கட்டியெல்லாம் கரைந்து கூழாகும்வரை விடுவதில்லை. மண்ணில் இருக்கும் பெரிய துவாரங்களை அடைத்து, தண்ணீர் கீழே இறங்காமல் நிறுத்தும் வேலை அது. உழவு மாடும் டிராக்டரும் வருஷா வருஷம் மிதித்து மிதித்து, அரையடிக்குச் சற்றுக் கீழே தட்டு மாதிரி ஓர் இறுகிய அடுக்கு உண்டாகிவிடும். நெல்லுக்கு அது வரம். நெல்லின் தண்டுக்குள் காற்றுக்குழல் இருக்கிறது, இலையிலிருந்து வேருக்குக் காற்று இறங்கும். பப்பாளிக்கும் முருங்கைக்கும் அந்த வசதி கிடையாது. தாத்தா பாட்டன் காலத்திலிருந்து தண்ணீர் நிற்க வேண்டும் என்று பாடுபட்டுத் தயார் செய்த நிலத்தை வாங்கி, தண்ணீர் நிற்கிறதே என்று நாம் கவலைப்படுகிறோம். அதற்கு மேல் மனை போட்டவர் கொட்டிய சவுடு, வீடு கட்டியபோது லாரி ஏறி இறங்கிய அழுத்தம், கொத்தனார் புதைத்துவிட்டுப் போன சிமெண்ட் கட்டி.

மண்ணோடு மல்லுக்கட்டுவதற்கு முன்னால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பலரும் இதைச் செய்யாமலே செலவில் இறங்கிவிடுகிறார்கள். நிற்கிற தண்ணீர் மூன்று வகை. மேலே ஓடிவந்து தேங்கியது ஒன்று. மேல்மண்ணில் இறங்கி, அந்த இறுகிய தட்டின்மேல் நின்றுவிட்டது இரண்டு. கீழேயிருந்து நிலத்தடி நீரே ஏறி வந்தது மூன்று. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

சோதனை சுலபம். தோட்டத்தில் ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் குழி எடுங்கள். பக்கங்கள் மண்வெட்டி பட்டு வழவழப்பாக இருந்தால் கம்பியால் கீறிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த மெழுகலே தண்ணீரைத் தடுக்கும். நிறையத் தண்ணீர் ஊற்றி, வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறைதான் கணக்கு. கோடு போட்ட குச்சி ஒன்றை நட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கினால் பெரும்பாலான செடிகள் பிழைக்கும். அதற்குக் குறைந்தால் வடிகால் வேலை பார்க்காமல் மரம் வைப்பது வீண். பிறகு இன்னொரு இடத்தில் மூன்றடிக் குழி எடுத்து, தண்ணீர் எதுவும் ஊற்றாமல், மழை உள்ளே விழாதபடி மூடிவிட்டு மறுநாள் பாருங்கள். தானாகத் தண்ணீர் ஊறியிருந்தால் நிலத்தடி நீர் மேலே வந்திருக்கிறது. அப்போது பள்ளம் தோண்டி வடிக்கிற யோசனையெல்லாம் எடுபடாது. தோண்டத் தோண்டத் தண்ணீர்தான் வரும். செடியை உயர்த்துவது ஒன்றே வழி.

இந்தச் சோதனையைச் சித்திரை, வைகாசியில் செய்துவிட்டு ஏமாறாதீர்கள். நான் ஏமாந்திருக்கிறேன். கோடையில் நம் களிமண் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஊற்றுகிற தண்ணீரெல்லாம் வெடிப்பு வழியாகக் கடகடவென்று இறங்கும். "நல்லா வடியுதே" என்று நினைத்துக் கன்று வைப்போம். இரண்டு மழை பெய்ததும் மண் ஊதி, வெடிப்பு மூடிக்கொள்ளும். அப்புறம் அது வேறு மண். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. கடலோர டெல்டாவில் அதைவிடக் கூடுதல். சோதிக்க வேண்டியது அந்த நாளில்தான்.

தம்பியின் தோட்டத்துக்கு நடந்து போய்ப் பார்த்தோம். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் நேராகப் பப்பாளிக்கு மூன்றடி தள்ளி வாய் பிளந்து நின்றது. அவர் மொட்டைமாடி சுமார் 80 சதுர மீட்டர். ஒருநாளில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், அது எங்களுக்குப் பெரிய மழையே இல்லை, அந்த மாடியிலிருந்து 4,000 லிட்டர் இறங்கும். ஆயிரம் லிட்டர் தொட்டி நான்கை ஒரே மூலையில் கவிழ்த்த கணக்கு. மணிக்கு 3 மில்லிமீட்டர் குடிக்கும் மண் அதை என்ன செய்யும்? எந்த உரமும் மணலும் வாங்குவதற்கு முன்னால், ஒரு எல்போவும் பத்து அடி பி.வி.சி. குழாயும் வாங்குங்கள் என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பெரிதாக ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது.

அடுத்தது வாட்டம். கொத்தனார்கள் தண்ணீர் ஓட விடும் சரிவை வாட்டம் என்பார்கள். செடி தளர்ந்து தொங்குவதும் வாட்டம்தான். தரைக்கு முதல் வாட்டம் இல்லாவிட்டால் செடிக்கு இரண்டாவது வாட்டம் வரும். எப்படி அமைந்த சொல்லோ, நான் இதைச் சொல்லாமல் ஒரு மழைக்காலமும் போனதில்லை, என் வீட்டில் எல்லோரும் கேட்டுச் சலித்துவிட்டார்கள்.

கண்ணால் பார்த்து வாட்டத்தைச் சொல்ல முடியாது. சுவர், வேலி, நிழல் எல்லாம் கண்ணை ஏமாற்றும். கொத்தனாரிடம் டியூப் லெவல் இருக்கும்: தண்ணீர் நிரப்பிய கண்ணாடி மாதிரியான நீளக் குழாய். ஒரு முனையை வீட்டோரத்தில் ஒரு குச்சியோடு பிடித்துக்கொண்டு, மறுமுனையைத் தோட்டத்தின் மூலையில் இன்னொரு குச்சியோடு பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தரையிலிருந்து அந்த மட்டம்வரை இரண்டு இடத்திலும் அளந்தால் வித்தியாசம்தான் உங்கள் வாட்டம். குழாய்க்குள் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும், அதை மட்டும் தட்டித் தட்டி வெளியேற்றிவிட வேண்டும். நூறு அடிக்கு ஒரு அடி இறக்கம் போதும், அதாவது முப்பது அடிக்கு நான்கு அங்குலம். தம்பி வீட்டில் அளந்தபோது வாட்டம் இருந்தது, ஆனால் வீட்டைப் பார்த்து. தெருச் சாலையைப் பழசைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் சாலை உயர்ந்து, தெருத் தண்ணீரும் இவர் வாசல் வழியாகத் தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்தது. அதற்கு வாசலில் அரையடி மேடு. சாலை போட்டவர்களைத் திட்டிக்கொண்டே அதைக் கட்டினார்.

இப்போது குழி விஷயம். தம்பி பப்பாளிக்கு இரண்டடிக் குழி எடுத்து, அடியில் ஜல்லி போட்டு, செம்மண்ணும் எருவும் கலந்து நிரப்பியிருந்தார். நாற்றுப்பண்ணையில் சொன்னார்களாம். சாதாரண மண்ணுக்கு அது சரிதான். களிமண்ணில் அது அடியில் ஓட்டை இல்லாத தொட்டி. பானை செய்கிற மண்ணில் பள்ளம் எடுத்து, தண்ணீர் சட்டென்று இறங்கும் மண்ணை அதில் நிரப்பினால், சுற்றுவட்டாரத் தண்ணீரெல்லாம் அந்தக் குழியைத் தேடி வந்து உட்காரும். எரு அதில் ஊறி அழுகி இன்னும் காற்றைக் குடிக்கும்.

"அதுக்குத்தானே ஜல்லி போட்டேன்" என்றார்.

இது எல்லோரும் செய்வது. பூந்தொட்டிக்கும் அடியில் ஓட்டாஞ்சல்லி போடுவோம். தண்ணீர் ஜல்லிக்கு இறங்கிவிடும் என்பது நினைப்பு. கொடியில் நனைத்துக் காயப்போட்ட வேட்டியைப் பாருங்கள் என்றேன். மேல்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும். கீழ்க்கரை மட்டும் கடைசிவரை சொதசொதவென்று இருக்கும். கரைக்குக் கீழே என்ன தடுப்பு இருக்கிறது? வெறும் காற்று. இருந்தும் தண்ணீர் கீழே விழாமல் நூலின் நுண்ணிய இடுக்குகளைப் பிடித்துத் தொங்குகிறது. நுண்ணிய துவாரம் உள்ள மண்ணிலிருந்து பெரிய துவாரம் உள்ள ஜல்லிக்குள் தண்ணீர் தானாக இறங்காது, மேலே உள்ள மண் முழுக்க நிரம்பி வழியும்போதுதான் இறங்கும். ஜல்லி போட்டதால் அந்தச் சொதசொதப்பு இன்னும் கொஞ்சம் மேலே, வேருக்குப் பக்கத்தில் ஏறுகிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த வால்ட்டர் கார்ட்னர் என்ற மண் அறிஞர் 1950களின் கடைசியில் இதைக் கண்ணாடித் தடுப்புக்கு நடுவில் மண் அடுக்கிப் படமாகவே எடுத்துக் காட்டினார். ஈரம் மெல்ல இறங்கிவந்து ஜல்லி அடுக்கின் வாசலில் நின்றுவிடுவது அதில் தெரியும். படம் பார்க்காவிட்டாலும் நம் எல்லோர் வீட்டிலும் வேட்டி இருக்கிறது.

மணல் கதை என்னுடையது. வீட்டுக்கு வந்த புதிதில் களிமண் இளகட்டும் என்று அரை யூனிட் மணல் அடித்து, காய்கறிப் பாத்தியில் கொட்டிக் கொத்திவிட்டேன். மழைக்கு முன்னால் பார்க்க அழகாக இருந்தது. மழை ஓய்ந்து தை வெயில் அடித்ததும் அதில் கடப்பாரை இறங்கவில்லை. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. கொஞ்சம் மணல் போட்டால் மணல் மணிகள் ஒன்றை ஒன்று தொடாது. நடுவில் இருக்கும் இடத்தையெல்லாம் களிமண் நிரப்பிக்கொள்ளும். ஜல்லிக்கு நடுவே சிமெண்ட் போன மாதிரிதான். மணல் நிஜமாகவே வேலை செய்ய வேண்டுமென்றால் மண்ணில் பாதிக்கு மேல் அதுவாக இருக்க வேண்டும். ஒரு சென்ட், ஒரு அடி ஆழம் என்றால் 435 கன அடி. பாதி போட்டாலே இரண்டு யூனிட் தாண்டும். ஐந்து சென்ட் தோட்டத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், இன்றைய மணல் விலையில்.

ஜிப்சம் போடலாமா என்பது அடுத்த கேள்வி, எப்போதும் வருவது. களர் நிலமாக இருந்தால் போடலாம். அங்கே சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துப் பிரித்துக் கரைத்துவிடுகிறது. ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு துகள்களைச் சேர்த்துக் கட்டும். களர் இல்லாத களிமண்ணில் அதனால் பெரிதாக ஒன்றும் நடக்காது. வீட்டிலேயே பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த ஒரு மண்கட்டியை மழைநீர் நிரம்பிய கண்ணாடி டம்ளரில் மெதுவாக விட்டு, கலக்காமல் வையுங்கள். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கினால் களர்க் குணம் இருக்கிறது. மாவட்ட மண் ஆய்வுக்கூடத்தில் கொடுத்து எவ்வளவு ஜிப்சம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டி உதிர்ந்தும் தண்ணீர் தெளிந்தே இருந்தால் அந்தக் காசுக்கு எரு வாங்குங்கள்.

சரி, என்னதான் செய்வது? பள்ளம் தோண்டுவதை நிறுத்திவிட்டு மேடு போடுவது. இதில் நான் கண்டுபிடித்தது எதுவும் இல்லை. டெல்டாவில் வெற்றிலைக் கொடிக்கால் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஆழமான வாய்க்கால், நடுவில் உயர்த்திய பாத்தி. தண்ணீர் வாய்க்காலில் இருக்கும், கொடி மேட்டில் நிற்கும், வேண்டியபோது வாய்க்காலிலிருந்தே அள்ளி இறைப்பார்கள். நன்செய் வாழைக்கும் அதே யோசனைதான், நடுநடுவே வாய்க்கால் வெட்டி அந்த மண்ணை வாழையடியில் அணைப்பார்கள். களிமண்ணை மாற்றாமலே களிமண்ணில் பிழைத்த விவசாயம் இது.

வீட்டுத் தோட்டத்தில் நான்கடி அகலத்தில் பாத்தி, அடுத்து இரண்டடி நடைபாதை, மறுபடி பாத்தி என்று கயிறு கட்டுங்கள். நான்கடி ஏன் என்றால் இரண்டு பக்கமும் நின்று கை எட்டும், பாத்தியில் கால் வைக்க வேண்டாம். நடைபாதை மண்ணை முக்கால் அடி ஆழத்துக்கு வெட்டிப் பாத்தியில் போட்டால், பாத்தி நாலரை அங்குலம் உயரும். பாதை ஒன்பது அங்குலம் தாழ்ந்திருக்கும். ஆக வித்தியாசம் ஓர் அடிக்கு மேல். ஒரு பைசா மண் வாங்கவில்லை. வெட்டிப் போட்ட மண்ணோடு மக்கிய எருவையும் கலந்தால் இன்னும் ஒரு கை உயரும். பாதைகளுக்கு முதலில் சொன்ன வாட்டத்தை வைத்து, எல்லாம் ஒரு மூலையைப் பார்த்து ஓடும்படி செய்துவிட வேண்டும். மரம் என்றால் ஆறடி விட்டத்தில் ஒன்றரை அடி, இரண்டடி உயர மேடு போட்டு அதன் தலையில் கன்றை வையுங்கள். மேட்டுக்குக் கீழே உள்ள பழைய தரையை முதலில் கடப்பாரையால் நெம்பி, அந்த இறுகிய தட்டை உடைத்துவிடுங்கள். மேட்டுக்கு வெளியூர்ச் செம்மண் வேண்டாம். தோட்டத்து மண்ணே போதும். இரண்டு வேறு மண் சந்திக்கிற இடத்தில்தான் தண்ணீர் தயங்கி நிற்கும்.

தம்பி செல்போனில் ஏதோ பார்த்துவிட்டு, "பிரெஞ்ச் டிரெயின் போடலாங்கிறாங்களேண்ணே" என்றார். பள்ளம் எடுத்து, துளை போட்ட குழாயைத் துணி சுற்றிப் புதைத்து, மேலே ஜல்லி போட்டு மூடுவது. பெயரைக் கேட்டு பாரிஸில் வந்தது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்த ஹென்றி ஃபிரெஞ்ச் என்பவர் 1859-ல் பண்ணை நில வடிகால் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. வாஷிங்டனில் பெரிய நாற்காலியில் லிங்கன் உட்கார்ந்திருக்கும் சிலை இருக்கிறதே, அதைச் செய்த சிற்பி இவருடைய மகன்தான். நல்ல உத்தி, ஆனால் கனத்த களிமண்ணில் அதற்கு வலது கை கட்டப்பட்ட நிலை. குழாய்க்குப் பக்கத்து ஓரிரு அடியில் உள்ள தண்ணீர் வரும், தள்ளி இருப்பது நகரவே நாளாகும். மேல்தண்ணீரை வாங்கிப் போக வேண்டுமென்றால் ஜல்லியை மண் மூடாமல் தரைமட்டம்வரை விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், குழாய் போய்ச் சேர ஒரு தாழ்ந்த இடம் வேண்டும். சமதளமான டெல்டாவில் அது அபூர்வம். இடமில்லாமல் குழாய் புதைத்தால் தரைக்கடியில் ஒரு நீளமான தொட்டி கட்டியதாக ஆகும். சுவரோரமாக, நடக்கிற இடத்தில் வேண்டுமானால் போடுங்கள். மற்ற இடத்தில் என் ஓட்டு திறந்த வாய்க்காலுக்கே. அடைத்தால் கண்ணுக்குத் தெரியும், மண்வெட்டியால் இரண்டு இழுப்பு இழுத்தால் திறந்துகொள்ளும்.

வாய்க்கால் எங்கே முடிவது? தெருவில் மழைநீர் வடிகால் இருந்தால் அங்கே. பக்கத்து மனைக்காரர் பக்கம் திருப்பிவிடாதீர்கள், அதில் வருகிற தண்ணீர் வேறு மாதிரி திரும்பி வரும். போக இடமே இல்லையென்றால் தாழ்ந்த மூலையில் ஒரு சின்னக் குட்டை எடுங்கள். கரையில் கல்வாழையும் சேம்பும் வெட்டிவேரும் வையுங்கள், அவை ஈரத்துக்குப் பிறந்தவை. தண்ணீர் ஒரு வாரத்துக்கு மேல் நிற்குமானால் கொசு உண்டாகும், கப்பி மீன் விடவேண்டும். 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது பல வீடுகளில் எடுத்த நான்கடிக் குழி களிமண் பகுதிகளில் கிணறு மாதிரி நிரம்பியே நின்றது. அங்கே குழிக்கு நடுவில் களிமண்ணைத் தாண்டி மணல் அடுக்குவரை துளை இறக்கினால்தான் தண்ணீர் உள்ளே போகும். அதற்கும் கீழே நிலத்தடி நீர் தாழ்ந்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது ஒரு வாரத்து வேலை. மண் இளகுவது வருஷக் கணக்கு. களிமண் துகளைத் தனித்தனியாக மாற்ற முடியாது, ஆனால் அவற்றைச் சேர்த்து உருண்டை பிடிக்க வைக்கலாம். இலைதழை மக்கும்போது நுண்ணுயிரும் பூஞ்சையும் ஒரு பசையை விடுகின்றன. அந்தப் பசையில் துகள்கள் பொரிமாவு போலக் குறுணை குறுணையாகச் சேரும். குறுணைக்கு நடுவே பெரிய இடைவெளி விழும், காற்றும் தண்ணீரும் அதில் போகும். வருஷத்துக்கு இரண்டு அங்குலக் கனத்தில் மக்கிய எருவோ மக்கிய தென்னை நார்க்கழிவோ போடுங்கள். நம் வெயிலில் அது சீக்கிரம் கரைந்துவிடும், ஒரு தடவை போட்டேன் என்று நிறுத்தினால் இரண்டு வருஷத்தில் பழைய கதை. செலவில்லாத வழி தக்கைப்பூண்டு. சென்ட்டுக்கு 200 கிராம் விதை தூவி, நாற்பது நாற்பத்தைந்து நாளில் பூக்கும் முன்னால் வெட்டி மண்ணோடு மடக்கிவிடுவது. தண்ணீர் நின்றாலும் சாகாது, ஆழமாக வேர் இறக்கும். வேர் மக்கிய துளை அப்புறம் வடிகால். மண்புழு இன்னொரு கூலியில்லா ஆள்.

எல்லாவற்றையும் கெடுக்க ஒரு நாள் போதும்: ஈரமான களிமண்ணைக் கொத்துவது. விடுமுறை நாள், மழை விட்டிருக்கிறது, ஆசையாக மண்வெட்டியை எடுப்போம். அன்றைக்கு நாம் செய்வது சேற்றுழவு. பதம் பார்க்கத் தெரிய வேண்டும். ஒரு பிடி மண்ணை இறுக்கி உருட்டி இடுப்புயரத்திலிருந்து போடுங்கள். விழுந்ததும் உதிர்ந்தால் கொத்தலாம். தட்டென்று விழுந்து உருண்டையாகவே கிடந்தால் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு இன்னொரு டீ குடியுங்கள்.

அந்தத் தம்பி தையில்தான் வேலையை ஆரம்பித்தார். குழாயைத் திருப்பினார், நான்கு பாத்தி போட்டார், சுவரோரம் இரண்டு மேடு. ஒன்றில் முருங்கை, ஒன்றில் பப்பாளி. தாழ்ந்த மூலையில் குட்டை வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள், அங்கே பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் படர்ந்திருக்கின்றன. அடுத்த ஐப்பசியில் நல்ல மழை. மறுநாள் தெருவில் பார்த்து, எப்படி இருக்கிறது என்றேன். முகத்தைச் சுளித்தார்.

"பாதை முழுக்கக் கணுக்கால் தண்ணிண்ணே. ஒரு கத்தரிக்கா பறிக்கப் போறதுன்னாலும் செருப்பைக் கழட்டிட்டுத்தான் போக வேண்டியிருக்கு."

"பப்பாளி?"

"அது கிடக்கு, பிஞ்சு வச்சிருக்கு. நான் செருப்புக்குச் சொல்றேன்."